சூடேறும் வரை

1897இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் வால்ட்டர் நெர்ன்ஸ்ட் என்ற வேதியியலாளர் ஒரு மின்விளக்கைச் செய்தார். ஸ்விட்சைப் போட்டாலும் எரியாத விளக்கு. சிர்க்கோனியம் ஆக்சைடோடு கொஞ்சம் இட்ரியம் ஆக்சைடைக் கலந்து சுட்டெடுத்த மெல்லிய வெள்ளைக் குச்சிதான் அதில் இழை. குளிர்ந்த நிலையில் அது வெறும் பீங்கான். மின்சாரத்தை ஓட விடாது. அடியில் தீக்குச்சியைக் கொளுத்திக் காட்ட வேண்டும். கொஞ்சம் சூடேறியதும் மின்சாரம் மெல்ல ஓடத் தொடங்கும். ஓடுகிற மின்சாரமே குச்சியை இன்னும் சூடாக்கும். பிறகு வெள்ளை வெளேரென்று ஒளி. நாளாவட்டத்தில் தீக்குச்சியை விட்டுவிட்டுக் குச்சிக்குப் பக்கத்திலேயே பிளாட்டினக் கம்பிச் சுருளை வைத்தார்கள். சுருள் முதலில் சூடாகும், குச்சியை எழுப்பும். குச்சி எரியத் தொடங்கியதும் ரிலே ஒன்று சுருளின் இணைப்பைத் துண்டித்துவிடும். ஏ.இ.ஜி. நிறுவனம் இதன் உரிமையை விலைக்கு வாங்கியது. 1900ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் அந்த நிறுவனத்தின் அரங்கம் இந்த விளக்குகளால்தான் ஒளிர்ந்தது.

டங்ஸ்டன் இழை வந்ததும் அந்த விளக்கு ஒதுங்கிப்போனது. பீங்கான் ஒதுங்கவில்லை. இன்று நம் தெருவில் நிற்கும் ஏறக்குறைய எல்லாப் பெட்ரோல் கார்களின் சைலன்சர் குழாயிலும் அதே சிர்க்கோனியா, அதே இட்ரியா, ஒரு சென்சாருக்குள் உட்கார்ந்திருக்கிறது. ஆக்சிஜன் சென்சார் என்றும் லாம்டா சென்சார் என்றும் பெயர். பட்டறைகளில் ஓ டூ சென்சார். என்ஜினிலிருந்து வெளியேறும் புகையில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து, பெட்ரோல் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று காரின் கம்ப்யூட்டருக்குத் தெரிவிப்பது அதன் வேலை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இதை உருவாக்கியது. 1976இல் ஸ்வீடனின் வோல்வோ, அமெரிக்கச் சந்தைக்கான தன் கார்களில் முதன்முதலாகப் பொருத்தியது. கலிபோர்னியாவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கொடுத்த நெருக்குதல் அதற்குப் பின்னால் இருந்தது.

அந்த முதல் சென்சார்களில் ஹீட்டர் கிடையாது. புகையின் வெப்பமே பீங்கானைச் சூடாக்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தார்கள். அது போதவில்லை. குளிர்ந்த என்ஜினைக் கிளப்பினால் சென்சார் வேலைக்குத் தயாராக நேரமாயிற்று. சிக்னலில் வண்டி ஐடிலிங்கில் நின்றால் மறுபடியும் ஆறிப்போயிற்று. 1982இல் பாஷ் ஹீட்டர் வைத்த சென்சாரைக் கொண்டுவந்தது. நெர்ன்ஸ்ட் தன் விளக்கில் குச்சிக்குப் பக்கத்தில் ஒரு சூடேற்றியை வைக்க நேர்ந்த அதே காரணத்துக்காக, எண்பது ஆண்டுகள் கழித்து, அதே பீங்கானுக்குப் பக்கத்தில் ஒரு சூடேற்றி வந்து சேர்ந்தது.

இந்த ஹீட்டர் எதையும் அளப்பதில்லை. கம்ப்யூட்டரிடம் எதையும் சொல்வதும் இல்லை. பேட்டரியிலிருந்து மின்சாரத்தை வாங்கிச் சூடாவதோடு அதன் வேலை முடிந்தது. அளப்பவனை அளக்கக்கூடிய நிலைக்குக் கொண்டுவருவதற்காகச் செலவாகும் மின்சாரம் அது. ஒன்றை அறிந்துகொள்வதற்கு முன்பே கொஞ்சம் செலவழித்தாக வேண்டும் என்பதைக் கார் செய்தவர்கள் ஒப்புக்கொண்டு, அதற்கென்று ஒயரும் பியூஸும் ஒதுக்கியிருக்கிறார்கள். காரைப் பழுதுபார்க்கும் இடத்தில் நாம் அதை ஒப்புக்கொள்வதில்லை. என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பதற்குக் காசு கொடுக்க நமக்கு மனம் வருவதில்லை, பொருளுக்குத்தான் கொடுப்போம். இந்த ஹீட்டர் கெட்டுப்போகும்போது அந்த வழக்கத்தின் விளைவு முழுவதும் கண்முன் வந்து நிற்கிறது.

சென்சார் எப்படி அறிகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சிர்க்கோனியம் அயனிக்கு நான்கு மின்னூட்டம், இட்ரியத்துக்கு மூன்று. நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று போய் உட்கார்ந்தால் கணக்கு உதைக்கும். அதைச் சரிக்கட்ட, இரண்டு இட்ரியத்துக்கு ஓர் ஆக்சிஜனின் இடம் காலியாக விடப்படுகிறது. அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்து ஆக்சிஜன் தாவும். அது விட்டுவந்த இடத்துக்கு அதற்கடுத்தது தாவும். இல்லாத ஆக்சிஜன்கள்தான் இருக்கும் ஆக்சிஜன்களுக்கு வழி விடுகின்றன. நெர்ன்ஸ்டின் குச்சியில் மின்சாரம் ஓடியது இப்படித்தான் என்று 1943இல் கார்ல் வாக்னர் விளக்கினார். தாவுவதற்கு வெப்பம் வேண்டும். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அந்தப் பீங்கானிடமிருந்து நம்பத்தக்க எதையும் பெற முடியாது.

பீங்கானின் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் இடையில் மின்னழுத்தம் பிறக்கிறது. எவ்வளவு பிறக்கும் என்பதற்கான சமன்பாடும் நெர்ன்ஸ்டுடையதே. விளக்குக்கு முன்பே, 1889இல் எழுதியது. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று எடையில் 14.7 பங்கு இருந்தால் இரண்டும் மிச்சமில்லாமல் எரியும். பெட்ரோல் அதற்கு மேல் கூடினால் சென்சார் 0.9 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், குறைந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும், மறுபடி கூட்டும். நன்றாக இருக்கும் வண்டியில் ஸ்கேனர் திரையில் இந்தக் கோடு மேலும் கீழும் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். சென்சார் குளிர்ந்திருந்தால் பல வண்டிகளில் கோடு நடுவே, 0.45 வோல்ட்டில், அசையாமல் நிற்கும். அந்த 0.45 சென்சார் கொடுத்தது இல்லை. கம்ப்யூட்டர் தானே வைத்துக்கொண்டு காத்திருக்கும் அளவு. காத்திருக்கும் வரை அது மனப்பாடக் கணக்கில்தான் பெட்ரோலை ஊற்றும். புதிய வண்டிகள் சிலவற்றில் அகல அளவு காட்டும் இன்னொரு வகை சென்சார் உண்டு. அதற்கு 700 டிகிரிக்கு மேல் வேண்டும். ஹீட்டர் இல்லாமல் அதனால் எதையும் சொல்ல முடியாது.

குளிர்ந்த அந்த நேரம் ஏன் முக்கியம் என்பதற்கு வருகிறேன். குளிர்ந்த என்ஜினுக்குள் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, சுவரில் படியும். அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் அதிகமாக ஊற்றும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அப்போது குளிர்ந்தே இருக்கும். சில நூறு டிகிரி ஏறாமல் அதுவும் வேலை செய்யாது. ஒரு சிறு பயணத்தில் கார் கக்கும் கார்பன் மோனாக்சைடிலும் எரியாத பெட்ரோலிலும் பெரும்பங்கு முதல் ஓரிரு நிமிடங்களில் போய்விடுகிறது. நம் ஊர்ப் பயணங்களை நினைத்துப் பாருங்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து காய்கறிக் கடை, திரும்ப வீடு. என்ஜின் சூடேறுவதற்குள் பயணமே முடிந்துவிடும். பள்ளி வாசலில் வரிசையாக நிற்கும் வண்டிகளில் எத்தனை இன்னும் மனப்பாடக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றனவோ, அந்தப் புகை அங்கே நிற்கும் பிள்ளைகளின் உயரத்தில்தான் வெளியே வருகிறது. ஹீட்டரை நான் சில்லறைப் பொருளாக நினைக்காததற்கு இதுதான் காரணம்.

இந்தியாவில் இந்த ஏற்பாடு முழுமையடைய நெடுங்காலம் ஆயிற்று. 1995இல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் கன்வெர்ட்டரையும் சென்சாரையும் கெடுத்துவிடும். அது நாடு முழுவதும் ஒழிந்தது 2000இல். பாரத் ஸ்டேஜ் நான்கு 2017இல் நாடெங்கும் வந்தது; ஆறு 2020இல். ஸ்கூட்டரும் பைக்கும் கார்பரேட்டரை விட்டு பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கு மாறியதும், சென்சார் அவற்றில் பரவலானதும் அப்போதுதான். ஆக, இந்தப் பழுது இனி கார் வைத்திருப்பவர்களோடு நிற்கப்போவதில்லை.

ஹீட்டர் செத்தால் ஓட்டுபவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மீட்டர் பலகையில் செக் இன்ஜின் விளக்கு மஞ்சளாக எரியும், அவ்வளவுதான். நெடுஞ்சாலையில் போகிறவர் வேறு எந்த மாற்றத்தையும் உணர மாட்டார். புகையின் சூடே பீங்கானுக்குப் போதும். நகர நெரிசலில் ஊர்ந்து நிற்கிறவருக்கு மைலேஜ் குறையும், சில சமயம் ஐடிலிங் தடுமாறும். அவர்களும் பெட்ரோல் பங்க்கைத்தான் சந்தேகிப்பார்கள். பட்டறையில் ஸ்கேனரைச் செருகினால் எண் வரும். பி 0135 என்றால் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட். பி 0141 என்றால் பின்னால் உள்ளதன் ஹீட்டர் சர்க்யூட். ஹீட்டர் என்று நிறுத்தாமல் ஹீட்டர் சர்க்யூட் என்று சொல்வதைக் கவனிக்க வேண்டும். பேட்டரி, ரிலே, பியூஸ், ஒயர், கப்ளர், ஹீட்டர், மறுபடி ஒயர், கம்ப்யூட்டருக்குள் எர்த் கொடுக்கும் டிரான்சிஸ்டர் என்று நீளும் பாதை முழுவதும் அந்த எண்ணுக்குள் அடக்கம். பாதையில் எங்கே அறுந்தாலும் அதே எண்தான் வரும்.

ஆனால் பல இடங்களில் எண் வந்ததும் சென்சாருக்கு ஆர்டர் போய்விடுகிறது. சென்சாரின் விலை சில ஆயிரம் ரூபாய். பழுது வேறிடத்தில் இருந்தால் புதிய சென்சாரும் சூடேறாது, விளக்கும் அணையாது. அப்புறம் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்பார்கள். இவர்களை அறியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சென்சாரை மாற்றினால் பில்லில் ஒரு வரி எழுதலாம், வாடிக்கையாளர் கேள்வி கேட்காமல் பணம் கொடுப்பார். ஒரு மணி நேரம் ஒயரைத் தடவிப் பார்த்து அறுந்த இடத்தைக் கண்டுபிடித்தால், "ஒயரை ஒட்டுனதுக்கு இவ்வளவா?" என்று கேட்பார். எந்த வேலைக்குக் கூலி கிடைக்கிறதோ அந்த வேலைதான் வளரும்.

சென்னை புதுப்பேட்டையை ஒட்டிய சந்தொன்றில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். அம்பாசிடரிலும் பியட்டிலும் டைனமோ பார்த்துத் தொழில் கற்றவர். அவர் கடையில் நான் உட்கார்ந்திருந்த ஒருநாள், சிறிய பெட்ரோல் கார் ஒன்று வந்தது. பி 0135, பி 0141 இரண்டும் சேர்ந்தே வந்திருந்தன. இரண்டு சென்சாரையும் மாற்றச் சொல்லி வேறெங்கோ எழுதிக் கொடுத்த தாளோடு உரிமையாளர் வந்திருந்தார். பெரியவர் தாளை வாங்கிப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"ரெண்டும் ஒரே நாள்லயா சார் போச்சு?"

"ஒரே நாள்லதான். போன வாரம் லைட் வந்துச்சு."

"அப்போ ரெண்டுக்கும் பொதுவா என்ன இருக்கோ அதைப் பார்க்கணும். தம்பி, பியூஸ் பாக்ஸைத் திற."

பொதுவாக இருந்தது பியூஸ். 15 ஆம்ப் நீல பியூஸ் உருகியிருந்தது. கடைப் பையன் புதியதைப் போட்டு வண்டியைக் கிளப்பினான். அதுவும் உடனே போயிற்று. பியூஸ் காரணமில்லாமல் உருகாது. அந்த இடத்தில் 30 ஆம்ப் பச்சையைச் செருகிவிடுவோரும் ஒயரை முறுக்கி வைத்துவிடுவோரும் உண்டு. அது குற்றம். பழுதைச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை வாயடைத்து, எரிவதற்கு வேறோர் இடத்தைத் தேடிக் கொடுக்கும் வேலை. பெரியவர் இரண்டு சென்சாரின் கப்ளரையும் கழற்றச் சொன்னார். மறுபடி பியூஸ். இப்போதும் போயிற்று.

"சென்சாரே இல்லாம போகுதுண்ணே," என்றான் பையன்.

"அப்போ சென்சார் மேல குத்தம் இல்ல. ஒயர் எங்கயோ பாடியில படுது. டேய், கீழே படுத்துப் பாரு. சைலன்சர் வெல்டிங் புதுசா இருக்கா?"

இருந்தது. சைலன்சரை வெல்டிங் செய்தவர்கள் ஒயரைப் பிடித்திருந்த கிளிப்பைத் திரும்ப மாட்டவில்லை. தொங்கிய ஒயர் குழாயில் சாய்ந்து, மேலுறை உருகி, செம்பு இரும்பைத் தொட்டிருந்தது. கருகிய பகுதியை வெட்டிப் புது ஒயர் இணைத்து, வெப்பம் தாங்கும் உறை போட்டு, குழாயிலிருந்து விலக்கிக் கட்டினார்கள். சென்சார் இரண்டும் பழையவையே. அந்த உரிமையாளருக்கு மிச்சமான தொகை பெரிது. அதைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு பகுதி.

எல்லாப் பழுதும் இவ்வளவு வெளிப்படையாக வருவதில்லை. கடினமானது வேறு வகை. பியூஸ் நன்றாக இருக்கும். கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும். ஹீட்டரின் இரு முனைகளிலும் ஓம் பார்த்தால் அதுவும் சரியாக இருக்கும். குளிர்ந்த நிலையில் வண்டிக்கு வண்டி 3 ஓமிலிருந்து 15 ஓம் வரை இருக்கலாம்; முடிவிலி காட்டினால்தான் கம்பி அறுந்தது என்று பொருள். கரன்ட் வருகிறது, ஹீட்டர் நன்றாக இருக்கிறது, ஆனாலும் சூடேறவில்லை. இந்த இடத்தில்தான் பலர் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த 12 வோல்ட் என்ன சொல்கிறது என்று யோசிக்க வேண்டும். நல்ல டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். அளக்கும்போது அது இழுப்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். ஒயரின் இழைகள் அரித்துப்போய்ப் பேருக்குத் தொட்டுக்கொண்டிருந்தாலும் அந்த அளவு மின்சாரம் தாராளமாக வரும். மீட்டரும் 12 காட்டும். ஹீட்டர் கேட்பது ஓர் ஆம்பியர், குளிர்ந்திருக்கும்போது அதற்கும் மேல். அதைக் கேட்ட மாத்திரத்தில் மின்னழுத்தத்தில் பெரும்பகுதி அந்த அரித்த இடத்திலேயே விழுந்துவிடும். மீட்டர் பொய் சொல்லவில்லை. எதுவும் ஓடாதபோது என்ன இருக்கிறது என்று கேட்டோம், அதற்கு விடை சொன்னது. நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு.

பெரியவரிடம் இதற்கொரு பழைய கருவி இருக்கிறது: ஹோல்டரில் மாட்டிய 21 வாட் இண்டிகேட்டர் பல்பு, இரண்டு ஒயர், இரண்டு கிளிப். அந்தப் பல்பு எரிய ஏறக்குறைய ஹீட்டருக்குத் தேவையான அளவு மின்சாரமே வேண்டும். கப்ளரின் பேட்டரி முனைக்கும் நல்ல எர்த்துக்கும் இடையே பல்பை வைக்கிறார். முழுதாக எரிந்தால் வரும் வழி சரி. மங்கினால், மல்டிமீட்டர் என்ன காட்டினாலும், ஒயரில் பழுது. பிறகு கம்ப்யூட்டர் பக்கம். அங்கே 21 வாட் வைக்க மாட்டார், 5 வாட் பார்க்கிங் பல்புதான்; உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டருக்குச் சுமை ஏற்றக் கூடாது என்பார். கப்ளரில் ஹீட்டர் இருக்க வேண்டிய இரு முனைகளுக்கு நடுவே அந்தப் பல்பை வைத்து என்ஜினைக் கிளப்பினால், கம்ப்யூட்டர் விட்டு விட்டு எர்த் கொடுப்பது பல்பின் துடிப்பில் தெரியும். துடித்தால் ஒயரும் கம்ப்யூட்டரும் குற்றமற்றவை. சென்சாரை மாற்றலாம், சந்தேகமே இல்லாமல் மாற்றலாம்.

மல்டிமீட்டர் இருக்கும்போது பல்பு எதற்கு என்று அவரிடம் கேட்டேன். "மாட்டைத் தொழுவத்துல பார்த்து விலை பேசக் கூடாது சார். நுகத்துல பூட்டிப் பார்க்கணும்," என்றார்.

பல்பு மங்கிய வண்டிகளில் அவர் கண்ட காரணங்களைச் சொல்லச் சொன்னால் நேரம் போவதே தெரியாது. எலி கடித்த ஒயர்தான் முதலிடம். மழைக்காலத்தில் பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறி, கப்ளருக்குள் பச்சை பூத்த பின்கள். கூடுதல் ஹாரனுக்கோ விளக்குக்கோ இதே ஒயரில் கீறி இணைப்பெடுத்தவர்கள். வெளியே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு பொடியாகியிருக்கும். விரலால் மடக்கிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் துவண்டு விழும். விரல் அதைக் கண்டுபிடிப்பதைப் பார்க்கையில் எனக்கு மரியாதை உண்டாகிறது. எந்த ஸ்கேனரும் அதைச் செய்வதில்லை.

சென்சார்தான் போயிருக்கிறது என்று உறுதியானால் கழற்றுவது தனி வேலை. பெரும்பாலான கார்களில் 22 எம்.எம். ஸ்பானர், 18 எம்.எம். மரை. ஆண்டுக்கணக்கில் வெந்து தணிந்த மரை இறுகிப்போயிருக்கும். துரு நெகிழ்த்தும் எண்ணெய் தெளித்து, என்ஜினைக் கொஞ்சம் சூடாக்கி, பக்கவாட்டில் ஒயர் நுழையப் பிளந்த சாக்கெட்டைப் போட்டு, அவசரமில்லாமல் திருப்ப வேண்டும். மரை பிய்ந்தால் குழாயையே மாற்ற நேரும். புதியதைப் போடும்போது மரைக்குத் தடவும் பசை முனையில் படக் கூடாது. கீழே போட்ட சென்சாரை வண்டியில் மாட்டக் கூடாது. வெளியே கீறல் தெரியாது, உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கும். ஹீட்டரின் ஓம் அந்த வண்டிக்கு உரியதாகவே இருக்க வேண்டும். வேறு அளவு வந்தால் கம்ப்யூட்டர் ஓடும் மின்சாரத்தைப் பார்த்தே கண்டுபிடித்து மறுபடி விளக்கை எரிய விடும்.

ஒயரை ஒட்டும் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. பல சென்சார்களில் பீங்கானின் மறுபக்கத்துக்கு வேண்டிய வெளிக்காற்று, ஒயரின் உறைக்குள் இழைகளுக்கு இடையே உள்ள இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. சென்சார் தன் ஒயர்களால் மூச்சு விடுகிறது. ஈயப்பற்று வைத்து சாலிடர் செய்தால் அந்த மூச்சு அடைபடும். கிரிம்ப் செய்ய வேண்டும். கப்ளரில் கிரீஸை அப்பினாலும் இதே சிக்கல். நன்றாகச் செய்கிறோம் என்று நினைத்துக் கூடுதலாகச் செய்த வேலை சென்சாரைக் கொல்லும்.

கம்ப்யூட்டரும் ஹீட்டரை முரட்டுத்தனமாகச் சூடாக்குவதில்லை. குளிர்ந்த குழாயில் புகையின் நீராவி துளித்துளியாகப் படிந்திருக்கும். கொதிக்கும் பீங்கானில் அதில் ஒரு துளி பட்டால் போதும், விரிசல் விழும். ஆகவே குழாய் உலரும் வரை மிதமாகச் சூடாக்கி, அப்புறம்தான் முழு அளவு கொடுக்கிறது. இந்தப் பொறுமையை யாரோ ஓர் என்ஜினியர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். அதை அறிந்தபின் அந்தச் சின்னப் பெட்டி மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

இதையெல்லாம் அறிந்துகொண்டே ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். ஹீட்டருக்குப் பதிலாகப் பத்து வாட் தாங்கும் ரெசிஸ்டர் ஒன்றைக் கப்ளரில் இணைத்துவிடுவது. கம்ப்யூட்டர் எதிர்பார்த்த மின்சாரம் ஓடும், விளக்கு அணையும், செலவு சொற்பம். பீங்கான் மட்டும் குளிர்ந்தே கிடக்கும். சூடு எங்கே வேண்டுமோ அங்கே போகாமல், பானெட்டுக்கு அடியில் டேப் சுற்றிய ஒரு ரெசிஸ்டரில் வீணாகும். விளக்கை அணைப்பதைப் பழுது நீக்குவது என்று எண்ணுகிறவர்களுக்கு இது திறமையாகத் தெரிகிறது. நான் இதை வெறுக்கிறேன். சான்றிதழுக்காகச் செய்யும் புகைப் பரிசோதனையும் இதைப் பிடிப்பதில்லை. அது சூடேறிய என்ஜினில் செய்யப்படுகிறது. சூடேறிய என்ஜினில் புகையின் வெப்பத்தாலேயே சென்சார் விழித்துக்கொள்ளும், கன்வெர்ட்டரும் வேலை செய்யும். காலை எட்டு மணிக்கு, வண்டியைக் கிளப்பிய முதல் நிமிடத்தில், என்ன வெளியே வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் பெரியவர் கேட்கிறார். வேலை முடிந்ததும் ஸ்கேனரில் எண்ணை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்துவிடலாம். அவர் கொடுப்பதில்லை. "ராத்திரி இங்கயே கிடக்கட்டும் சார். காலைல ஆறின வண்டியிலதான் தெரியும்," என்பார். காலையில் பையன் ஸ்கேனரைச் செருகித் தயாராக நிற்க, அவரே வந்து கிளப்புவார். கோடு 0.45இல் நிற்கும். அரை நிமிடத்துக்குள் அசைய வேண்டும். அசைந்தால் ஒயரைக் கட்டிய இடத்தை இன்னொரு முறை கையால் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுப்பார். அப்போதும் முடிந்ததாகச் சொல்ல மாட்டார். பல வண்டிகளில் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தவறு தென்பட்டால்தான் கம்ப்யூட்டர் விளக்கை எரியவிடும் என்பதால், விளக்கு அணைந்திருப்பதை மட்டும் அவர் நம்புவதில்லை; இரண்டு நாள் ஓட்டிவிட்டு ஒரு காலையில் வண்டி ஆறியிருக்கும்போது கூப்பிடச் சொல்வார், வீட்டுக்கே பையனை அனுப்பிப் பார்த்துக்கொள்வார். பெரும்பாலோர் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டவர்களிடம் அதற்கென்று அவர் காசு வாங்குவதும் இல்லை. பல்பு வைத்துப் பார்த்த நேரத்துக்கும், ஒயரைத் தடவிய நேரத்துக்கும், காலையில் வந்து நின்ற நேரத்துக்கும் பில்லில் தனியாக ஒரு வரி போட வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.